கணக்கு எங்கே உதைக்கிறது? பல்சார்களை வைத்துக் கரும்பொருளைத் தேடும் கதை

மளிகைக் கடையில் ராத்திரி ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுக் கல்லாவை எண்ணுகிறார்கள். சிட்டையில் இருக்கும் தொகைக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் நாற்பது ரூபாய் உதைக்கிறது. உடனே யாரும் "திருடன்" என்று கத்துவதில்லை. கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள். பால்காரருக்குக் கொடுத்ததை எழுத விட்டுப்போனதா, யாருக்காவது சில்லறை கூடப் போய்விட்டதா என்று யோசிப்பார்கள். எல்லாம் பார்த்த பிறகும் தினமும் அதே நாற்பது ரூபாய் குறைந்துகொண்டே இருந்தால்தான் கடைப்பையனின் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள்.

பல்சார்களை வைத்துக் கரும்பொருளைத் தேடுகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான். வானத்தில் துல்லியமாகத் துடிக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது; அதுதான் பல்சார். அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று கணக்குப் போட்டு வைக்கிறார்கள். வந்து சேர்ந்த நேரத்துக்கும் கணக்குக்கும் இடையே உதைப்பது சில சமயம் 100 நானோ நொடி, அதாவது ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு. அந்த மிச்சத்துக்குக் காரணம் என்ன என்று தோண்டுவதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் இழுக்கும் கரும்பொருள் அந்தச் சந்தேகப் பட்டியலில் ஒரு பெயர். பட்டியலில் அதற்கு எப்போதும் கடைசி இடம்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெரிய கணக்கில் விழுந்த துண்டு

கரும்பொருள் என்ற பேச்சே கணக்கில் துண்டு விழுந்ததால் வந்தது. 1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற சுவிஸ் வானியலாளர் கோமா என்னும் விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்தார். அதில் உள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால் கொத்து எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அதைக் கட்டிப்போடப் போதவில்லை. 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் பக்கத்து வீட்டு விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவை அளந்தார்கள். நம் சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது. தொலைவில் இருக்கும் நெப்டியூனுக்கு அது ஐந்து சொச்சம்தான். மையத்தை விட்டு விலக விலக வேகம் குறைய வேண்டும். ஆண்ட்ரோமெடாவின் ஓரத்திலோ அப்படிக் குறையவில்லை. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுக்கிறது.

இன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் நூற்றுக்கு 85 பங்கு அந்த "ஏதோ ஒன்று". கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் அது அவ்வளவு நீர்த்துக் கிடக்கிறது. பூமி முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குள் எந்த ஒரு கணத்திலும் இருக்கும் கரும்பொருளையெல்லாம் வழித்துத் தராசில் போட்டால் ஒரு கிலோகூடத் தேறாது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் செனான் என்ற வாயுவைத் திரவமாக்கி 10 டன் வைத்துக்கொண்டு ஒரு துகளாவது வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள். இதுவரை மோதியதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அது செனானுடன் மோதும் என்பதே ஒரு ஊகம்தானே. கரும்பொருளைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே குணம், அதற்கு ஈர்ப்பு உண்டு என்பது. சரி, அப்படியானால் ஈர்ப்பை மட்டும் வைத்தே பிடிக்கப் பார்க்கலாமே! அதற்கு வேண்டியது ஈர்ப்பின் சின்னச் சீண்டலையும் பதிவுசெய்யும் கருவி. அதை மனிதன் செய்ய வேண்டியதில்லை, வானத்திலேயே கிடக்கிறது.

கால் அங்குலக் கிறுக்கல்

1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, கம்பும் கம்பியுமாக நாலரை ஏக்கரில் நட்டு வைத்த ரேடியோ தொலைநோக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தார். தினமும் சுமார் 30 மீட்டர் காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். அதை அவர் கண்ணாலேயே படிக்க வேண்டும். வானத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றிவர 120 மீட்டர் காகிதம். அதில் கால் அங்குல நீளத்துக்கு ஒரு கிறுக்கல் அவர் கண்ணை உறுத்தியது. காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது அந்தக் கிறுக்கல் 1.337 நொடிக்கு ஒரு துடிப்பாகப் பிரிந்தது. வேற்றுலகவாசிகளோ என்று பாதி விளையாட்டாக "சின்னப் பச்சை மனிதர்கள்" என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1974-ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்குப் போனது, பெல்லுக்கு இல்லை. அந்த வருத்தம் பெல்லைவிட மற்றவர்களுக்குத்தான் அதிகம்.

பல்சார் என்பது செத்துப்போன ஒரு பெரிய நட்சத்திரத்தின் உட்கரு. சூரியனைவிடக் கனமான பொருள், சென்னை மாநகருக்குள் அடங்கிவிடும் அளவுக்கு, குறுக்கே இருபது சொச்சம் கிலோமீட்டர் உருண்டையாக நசுங்கிக் கிடக்கிறது. இவ்வளவு நசுங்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நிலையில் ஓர் எல்லை உடைய வேண்டும். 1.4 சூரிய எடை என்ற அந்த எல்லைக்கான வழியை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் பயணத்தின்போதே கண்டுபிடித்தார். இந்த உருண்டை சுழலும்போது அதன் காந்த முனைகளிலிருந்து கிளம்பும் ரேடியோ கற்றை, கலங்கரை விளக்கம் போல ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நம்மைத் தடவிப் போகிறது.

கரும்பொருள் வேட்டைக்குப் பெல் கண்ட வகை போதாது. 1982-ல் வேறொரு வகை கிடைத்தது: நொடிக்கு 642 முறை சுற்றும் ஒன்று. இந்த மில்லி நொடிப் பல்சார்கள் வயதானவை. அலுத்து ஓய்ந்த பிறகு பக்கத்தில் இருக்கும் ஜோடி நட்சத்திரத்திலிருந்து பொருளை உறிஞ்சி மறுபடியும் வேகம் பிடித்தவை. இளசுகளிடம் இருக்கும் திடீர்க் குலுக்கல்கள் இவற்றிடம் குறைவு. கிழட்டுக் கடிகாரம்தான் நம்பகமான கடிகாரம்.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஜே0437-4715 என்ற பல்சாரை எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1993-ல் கண்டது. சுமார் 510 ஒளியாண்டு தொலைவு. வானியல் அளவில் பக்கத்துத் தெரு. ஒரு சுற்றுக்கு 5.757 மில்லி நொடி. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கோடிச் சுற்று. இதைக் கவனிக்கிறவர்கள் நடுவில் ஒரு சுற்றைக்கூடத் தவறவிடாமல் வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். தொலைநோக்கி வேறு வேலைக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பினாலும், இடையில் எத்தனை சுற்று போயிருக்கும் என்பது முழு எண்ணாகத் தெரியும்.

ஒற்றைத் துடிப்பைப் பார்த்தால் கரடுமுரடாக, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் இருக்கும். லட்சக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு நிலையான வடிவம் வரும். அந்த வடிவத்தின் உச்சி எத்தனை மணிக்கு வந்தது என்று அணுக் கடிகாரத்தை வைத்துக் குறிக்கிறார்கள். கழித்தல் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது. ஆகவே பல்சார் இருக்கும் திசையைப் பொறுத்து, துடிப்பு சூரியனுக்கு வருவதைவிட 8 நிமிடத்துக்கு மேல்கூட முன்னாலோ பின்னாலோ நமக்கு வரலாம். அதைக் கழிக்க வேண்டும். சூரியனும் சும்மா இல்லை. வியாழன் இழுக்கிற இழுப்பில் அதுவும் ஒரு சின்ன வட்டம் அடிக்கிறது. ஒளி 100 நானோ நொடியில் 30 மீட்டர் போகும். ஆக, 100 நானோ நொடிக் கணக்கு வேண்டுமென்றால், சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையம் எங்கே என்று ஏறக்குறைய அந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க-கனடியக் குழுவான நேனோகிராவ் 2020-ல் அதை 100 மீட்டருக்குள் கொண்டுவந்ததே பெரிய செய்தியானது. வியாழனின் பாதையில் இருந்த சின்னப் பிசகு, அதற்கு முன் ஈர்ப்பலை (வெளியிலேயே பரவும் ஈர்ப்பின் அதிர்வு) போலவே வேஷம் போட்டுக்கொண்டிருந்தது.

வழியில் உள்ள வாயு அடுத்த தொல்லை. நட்சத்திரங்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கும் எலக்ட்ரான்கள், ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும். அதிர்வெண் குறையக் குறையத் தாமதம் கூடும். ஒரே துடிப்பு 1,400 மெகாஹெர்ட்ஸில் முதலில் வரும், 300 மெகாஹெர்ட்ஸில் பின்னால் வரும். இது தொல்லை என்றாலும் ஒரு வசதியும் உண்டு. ஈர்ப்பால் வரும் தாமதம் அதிர்வெண் பார்க்காது. எல்லா அலைக்கும் ஒரே அளவுதான். இரண்டு அதிர்வெண்ணில் அளந்தால் வாயு செய்த வேலை எது, ஈர்ப்பு செய்த வேலை எது என்று பிரித்துவிடலாம்.

இதில்தான் நம் ஊர்ப் பக்கம் வருகிறது. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டிய தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஊட்டியின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை, அதாவது சுமார் 11 பாகை, சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீளவாக்கு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் மெதுவாகப் புரட்டினால் போதும், ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையையே கருவியின் ஒரு பாகமாக்கிய கெட்டிக்காரத்தனம் அது. 327 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் அந்தத் தொலைநோக்கியையும், புனேக்கு அருகே நாராயண்காவ் பக்கம் 30 தட்டுகளோடு விரிந்திருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியையும் வைத்துத்தான் இந்தியப் பல்சார் நேரக் குழு வேலையைத் தொடங்கியது. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் அதில் உண்டு. குறைந்த அதிர்வெண்ணில் வாயுவின் தாமதம் பெரிதாகத் தெரியும் என்பதால், அந்தக் கழித்தலை மற்றவர்களைவிடத் திருத்தமாகச் செய்ய முடிவது இவர்களுடைய பலம்.

கழித்தலில் ஒன்று பிசகினால் என்ன ஆகும்? 1991 ஜூலையில் பிரிட்டிஷ் வானியலாளர் ஆண்ட்ரூ லைனும் சகாக்களும் ஒரு பல்சாரைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள் என்பது அப்போது உலகச் செய்தி. அந்தக் கோளின் சுற்றுக்காலம் ஆறு மாதம். ஆறு மாதம் என்பதே இடிக்கிறதல்லவா? பூமியின் ஓராண்டில் சரிபாதி! பிறகு தெரிந்தது: பூமியின் பாதை முழு வட்டம் இல்லை என்பதைக் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை; பல்சார் இருக்கும் இடத்தைக் குறித்ததிலும் சின்னப் பிழை. இரண்டும் சேர்ந்து இல்லாத கோளைப் பெற்றெடுத்துவிட்டன. 1992 ஜனவரியில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் லைன் எழுந்து தன் தப்பைச் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கரும்பொருளைக் கண்டுவிட்டோம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆறு மாதக் கோள்தான்.

எறும்பு ஊரும் வேகம்

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவதில் கரும்பொருள் எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்த வழியைச் சொல்கிறேன்; மற்றவற்றைவிட இதுவே நேர்மையானது என்றும் நினைக்கிறேன்.

1974-ல் ரஸல் ஹல்ஸும் ஜோசஃப் டெய்லரும் இன்னொரு நியூட்ரான் நட்சத்திரத்தோடு (பல்சாரைப் போலவே நசுங்கிய உருண்டை) ஜோடி போட்டுச் சுற்றும் பல்சாரைக் கண்டார்கள். ஒரு சுற்றுக்கு ஏழே முக்கால் மணி நேரம். ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழப்பதால், ஐன்ஸ்டைன் கணக்குப்படி அந்தச் சுற்றுக்காலம் வருடத்துக்கு ஒரு நொடியின் லட்சத்தில் ஏழெட்டுப் பங்கு குறைய வேண்டும். குறைந்தது. ஆனால் அச்சு அசலாகப் பொருந்தவில்லை, ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு உதைத்தது. 1991-ல் திபோ தமூரும் டெய்லரும் காரணத்தைச் சொன்னார்கள்: பால்வீதி அந்த ஜோடியையும் நம்மையும் வெவ்வேறு அளவில் இழுக்கிறது. அந்த வித்தியாச முடுக்கத்தால் சுற்றுக்காலம் மாறுவதுபோல நமக்குத் தெரிகிறது. அதைக் கழித்ததும் ஐன்ஸ்டைன் பொருந்தினார். 1993-ல் நோபல் பரிசு.

அந்தக் கட்டத்தில் பால்வீதியின் இழுப்பு என்பது துடைத்தெறிய வேண்டிய தூசு. சுகன்யா சக்ரபர்த்தி என்ற வானியற்பியலாளரும் சகாக்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஐன்ஸ்டைன் சரி என்று வைத்துக்கொண்டு அவர் பங்கைக் கழித்துவிட்டால், மிஞ்சும் தூசுதானே பால்வீதியின் இழுப்பு? அந்த இழுப்பில் கரும்பொருளின் பங்கும் இருக்கிறதே! 2021-ல் 14 ஜோடிப் பல்சார்களை வைத்து இந்த இழுப்பை நேரடியாக அளந்து காட்டினார்கள்.

"நேரடியாக" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதுவரை எல்லாரும் நட்சத்திரங்களின் வேகத்தை அளந்து, பால்வீதி ஆடாமல் அசையாமல் சமநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, இழுப்பு இவ்வளவு இருக்கும் என்று ஊகித்தார்கள். பால்வீதி அப்படிச் சமத்தாக உட்கார்ந்திருக்கவில்லை. சின்னச் சின்ன மண்டலங்கள் வந்து மோதியதில் இன்னும் குலுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பல்சார் வழியில் அந்த ஊகம் தேவையில்லை. ஆனால் அளக்க வேண்டிய அளவு? சூரியன் இருக்கும் இடத்தில் பால்வீதி தரும் முடுக்கம், பத்து வருடத்தில் வேகத்தை நொடிக்கு ஆறேழு சென்டிமீட்டர்தான் மாற்றும். எறும்பு ஊரும் வேகம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற நம்பிக்கையில் இருபது, முப்பது வருடக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பல்சாரின் சுழற்சியை விட்டுவிட்டு ஜோடியின் சுற்றுப்பாதையை ஏன் பிடித்தார்கள் என்று கேட்கலாம். சுழற்சி தன் காந்தப்புலத்தால் தானாகவே மெல்லக் குறையும். அது எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுற்றுப்பாதையில் அந்தச் சொந்தப் பிரச்சினை இல்லை. ஐன்ஸ்டைன் பங்கு கணக்கில் வந்துவிடும். பல்சார் வானத்தில் குறுக்கே நகர்வதால் வரும் ஒரு போலி மாற்றமும் உண்டு. தொலைவு சரியாகத் தெரிந்தால் அதையும் கழிக்கலாம். தொலைவு சரியாகத் தெரியாத பல்சார்கள்தான் இங்கே பெரிய தலைவலி.

2025-ல் இதே குழு, ஜோடிப் பல்சார்களோடு தனிப் பல்சார்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு படி மேலே போனது. நமக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஓர் இடத்தை நோக்கிப் பல பல்சார்கள் கொஞ்சம் கூடுதலாக இழுபடுவதாகத் தெரிகிறது என்றார்கள். அந்த இழுப்புக்குக் கோடிக்கணக்கான சூரியன்களின் எடை வேண்டும். அங்கே அவ்வளவு நட்சத்திரமோ வாயுவோ கண்ணுக்குத் தெரியவில்லை. கரும்பொருள் இப்படித் துணுக்குத் துணுக்காகத் திரண்டிருக்கும் என்பது கோட்பாடு பல காலமாகச் சொல்லிவரும் விஷயம், ஆகவே இது சுவாரசியமான வேட்பாளர். அதற்கு மேல் இப்போதைக்குப் போகக் கூடாது. பல்சார்களின் எண்ணிக்கை கொஞ்சம். ஒவ்வொன்றின் பிழை வரம்பும் கொஞ்சநஞ்சமில்லை.

குறுக்கே போகும் நிழல்

இன்னொரு வழி, கரும்பொருள் கட்டி ஒன்று நமக்கும் பல்சாருக்கும் குறுக்கே போவதைப் பிடிப்பது. கனமான பொருளின் பக்கத்தில் காலமும் வெளியும் வளைவதால் அதை ஒட்டி வரும் ஒளி சற்றுத் தாமதமாகும் என்று 1964-ல் இர்வின் ஷாப்பிரோ சொன்னார். சூரியனை ஒட்டிப் போய் வெள்ளிக்கோளில் பட்டுத் திரும்பிய ரேடார் அலை நொடியின் 5,000-ல் ஒரு பங்கு தாமதமானது. சூரியனின் அளவுக்கே இவ்வளவுதான். பூமி அளவு எடை என்றால் அதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு; கடிகாரத்துக்கு எட்டாது. சூரியனோடு ஒப்பிடும்படியான எடை இருந்தால்தான் பேச்சு.

2024 ஜூலையில் பிரிட்டனின் ஹல் நகரில் நடந்த வானியல் மாநாட்டில், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஜான் லோசெக்கோ இப்படிப்பட்ட நிழல்களைப் பார்த்ததாகச் சொன்னார். பார்க்ஸ் தொலைநோக்கியில் எடுத்த 65 மில்லி நொடிப் பல்சார்களின் தரவில் ஏறக்குறைய ஒரு டஜன் இடங்களில் தாமதம் ஏறி இறங்கும் வடிவம், எதோ ஒரு எடை குறுக்கே போனதுபோல இருந்ததாம். அது கரும்பொருளாகவும் இருக்கலாம், ஒளி மங்கிய சாதாரணப் பொருளாகவும் இருக்கலாம் என்று அவரே சொன்னார். "கரும்பொருள் சிக்கியது" என்று தலைப்புப் போட்டவர்கள் அந்த இரண்டாவது பாதியைக் கீழே தள்ளிவிட்டார்கள். அந்த ஏற்ற இறக்கத்தை வாயு மேகம் ஒன்று செய்திருக்கலாம், பல்சாரே செய்திருக்கலாம். ஒவ்வொரு சம்பவத்தையும் பல அதிர்வெண்ணில், வேறு தொலைநோக்கியில் சரிபார்க்காமல் நான் நம்பத் தயாரில்லை.

மூன்றாவது வழி கொஞ்சம் கற்பனையைக் கேட்கும். கரும்பொருள் துகள் மிக மிக லேசானதாக இருந்தால்? எலக்ட்ரானை ஐந்து கோடி கோடி கோடி கோடிப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு லேசானது துகளாக நடந்துகொள்ளாது, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளமுள்ள அலையாகப் பரவி நிற்கும். பால்வீதியே ஓர் அலைக்குள் மிதப்பதுபோல. அந்த அலையின் அழுத்தம் ஏறி இறங்கும்போது ஈர்ப்பும் கூடவே ஏறி இறங்கும் என்று ரஷ்யாவின் வலேரி ரூபகோவும் ஆந்திரேய் க்மெல்நித்ஸ்கியும் 2014-ல் காட்டினார்கள். நான் சொன்ன எடைக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆறரை வருடத்துக்கு ஒருமுறை. பல்சார் கடிகாரங்களில் அது சில பத்து நானோ நொடி முன்பின்னாகத் தெரிய வேண்டும், எல்லாவற்றிலும் ஒரே தாளத்தில்.

பல்சார் நேரம் அளக்கும் ஐரோப்பியக் குழு 2023-ல் கால் நூற்றாண்டுத் தரவில் தேடிப் பார்த்தது. தாளம் கேட்கவில்லை. ஆகவே நான் சொன்ன எடைக்குச் சற்றுக் கீழான ஒரு வரம்பில் உள்ள துகள் நம் பக்கத்துக் கரும்பொருள் முழுவதுமாக இருக்க முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். கிடைக்கவில்லை என்பது செய்தித்தாளில் வராது. ஆனால் இந்தத் துறையில் இதுவரை கிடைத்த உறுதியான முடிவுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அதே 2023 ஜூனில் நேனோகிராவ், ஐரோப்பிய, இந்திய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் ராட்சதக் கருந்துளை ஜோடிகள் எழுப்பும் ஈர்ப்பலை இரைச்சலுக்கான தடயத்தை அறிவித்தன. அது நல்ல செய்திதான். ஆனால் கரும்பொருளைத் தேடுகிறவருக்குக் கழிக்க வேண்டிய பட்டியலில் இன்னும் ஒரு வரி கூடியது.

கடிகாரமே குற்றவாளியா?

இதுவரை பல்சார் சாட்சி. வேறு இரண்டு வழக்குகளில் அதுவே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

2008-ல் ஏவிய ஃபெர்மி விண்கலம் காமா கதிரில் வானத்தைப் பார்க்கிறது. பால்வீதியின் மையத்தில் கணக்குக்கு மேல் காமா கதிர் வருவதாக 2009-ல் லிசா குடினஃபும் டேன் ஹூப்பரும் சொன்னார்கள். கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் வரக்கூடிய வடிவத்தில் அது இருந்தது. பலருக்கு உற்சாகம். கொஞ்ச நாளில் ஒருவர் கேட்டார்: மில்லி நொடிப் பல்சார்களும் இதே ஆற்றலில்தானே காமா கதிரை வீசுகின்றன? மையத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தால், தனித்தனியாகத் தெரியாமல் மொத்தமாக ஒரு மங்கலான வெளிச்சமாகத் தெரியாதா? அடர்ந்த நட்சத்திரக் கொத்துகளில் பல்சார்கள் அப்படிக் கூட்டாக ஒளிர்வதை ஃபெர்மியே பார்த்திருக்கிறது.

2015 வாக்கில் காமா கதிர்கள் சமமாகப் பரவாமல் புள்ளி புள்ளியாக வருகின்றன, எனவே பல்சார்தான் என்று புள்ளியியல் முறையில் தீர்ப்புச் சொன்னார்கள். 2019-ல் ரெபெக்கா லீனும் ட்ரேசி ஸ்லாட்டியரும் அந்த முறையே ஏமாறக்கூடியது என்று காட்டினார்கள். தரவுக்குள் வேண்டுமென்றே போலிக் கரும்பொருள் சிக்னலைப் போட்டுப் பார்த்தார்கள்; முறை அதைப் பல்சார் என்றே அடையாளம் சொன்னது! வழக்கு இன்னும் நடக்கிறது.

பாசிட்ரான் வழக்கும் இதே மாதிரி. விண்வெளியில் பாசிட்ரான்கள் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்கள்) எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று செயற்கைக்கோளில் இருந்த பமேலா கருவியும் பிறகு விண்வெளி நிலையத்தில் உள்ள ஏ.எம்.எஸ். கருவியும் கண்டன. கரும்பொருளா, பக்கத்தில் இருக்கும் ஜெமிங்கா போன்ற பல்சார்களா? 2017-ல் மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம், ஜெமிங்காவைச் சுற்றிப் பாசிட்ரான்கள் மிக மெதுவாகத்தான் கசிகின்றன, பூமி வரை வந்து சேராது என்றது. அந்த மெதுவான பகுதி பல்சாரைச் சுற்றி மட்டும்தான், வெளியே வேகமாக ஓடிவிடும் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். பல்சாருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை, தண்டனையும் கிடைக்கவில்லை.

பல்சாரைக் கடிகாரமாக இல்லாமல் சோதனைச் சாலையாகவே பயன்படுத்தும் வழியும் இருக்கிறது. கரும்பொருளுக்கான வேட்பாளர்களில் ஆக்சியான் என்ற ஊகத் துகளும் ஒன்று. இயற்பியலாளர் பிராங்க் வில்செக் அதற்கு ஒரு சலவைத்தூளின் பெயரை எடுத்து வைத்தார். கோட்பாட்டில் இருந்த கறையை அது போக்கும் என்பதால். வலுவான காந்தப்புலத்தில் ஆக்சியான் ரேடியோ அலையாக மாறலாம், பல்சாரைவிட வலுவான காந்தம் எங்கே கிடைக்கும்? 2023-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் சகாக்களும் பக்கத்தில் உள்ள 27 பல்சார்களில் கூடுதல் ரேடியோ வெளிச்சம் உண்டா என்று பார்த்தார்கள். இல்லை. ஆக்சியான் ஒளிந்திருக்கக்கூடிய இடம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

பால்வீதி மைய வழக்கைத் தீர்க்க ஒரு நேர்வழி உண்டு: அங்கே போய் மில்லி நொடிப் பல்சார்களை ஒவ்வொன்றாக ரேடியோவில் எண்ணிவிடுவது. இன்றைய தொலைநோக்கிகளுக்கு அவை மிக மங்கல். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2022 டிசம்பரில் கட்டத் தொடங்கிய எஸ்.கே.ஏ. என்ற ராட்சத ரேடியோ தொலைநோக்கிக்கு அது முடியலாம். இந்தியாவும் 1,250 கோடி ரூபாய் ஒதுக்கி அதில் சேர்ந்திருக்கிறது. எண்ணிக்கை போதுமான அளவு வந்துவிட்டால் காமா கதிர் வழக்கு பல்சார் பக்கம் முடியும். வராவிட்டால் கரும்பொருள்காரர்கள் மறுபடி நிமிர்ந்து உட்காருவார்கள். புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு நல்ல பல்சாரும் சக்ரபர்த்தி குழுவின் எறும்புக் கணக்குக்கும் ஒரு புள்ளி.

ஆனால் கடிகாரங்கள் எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை. ஜே1713+0747 என்ற பல்சார் இந்தத் துறையின் செல்லப்பிள்ளை. உலகத்தின் எல்லாக் குழுக்களும் நம்பும் மிகத் துல்லியமான கடிகாரங்களில் ஒன்று. 2021 ஏப்ரல் நடுவில், ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில், அதன் துடிப்பின் வடிவமே மாறிவிட்டது. சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி முதலில் சொன்னது. இந்தியக் குழு ஜி.எம்.ஆர்.டி. தரவில் அதையே கண்டு உறுதிப்படுத்தியது. வடிவம் மாறினால் உச்சி நகரும், உச்சி நகர்ந்தால் நேரம் பிசகும். மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்பியது. வாயு மேகம் செய்யக்கூடிய தாமதத்தைப்போல அது அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சீராக மாறவில்லை. எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாகவும் இல்லை, ஆகவே ஈர்ப்பும் செய்யவில்லை. பல்சாரின் காந்தப்புலத்துக்குள் என்னவோ நடந்திருக்கிறது. ஒரே அதிர்வெண்ணில் மட்டும், ஒரே தொலைநோக்கியில் மட்டும் இதைப் பார்த்திருந்தால், தாமதம் ஏறி மெல்ல இறங்கும் அந்தக் கோட்டை யாராவது ஒருவர் குறுக்கே போன கரும்பொருள் கட்டி என்று எழுதியிருக்கக்கூடும்.